தொப்புளுக்கு ஒரு மாநாடு

மனித குலம் தோன்றிய நாள் முதல் தொப்புளுக்குக் கிடைக்காத மரியாதையை வாங்கித் தந்த பெருமை, ஹைதராபாத் மாதாப்பூரில் உள்ள அந்த ஏழு மாடிக் குழந்தைகள் ஆஸ்பத்திரியையே சேரும். மற்ற இடங்களில் வயிற்றைக் கிழிப்பார்கள். இங்கே தொப்புள் வழியாக 'நுழைவார்கள்'. தழும்பு தொப்புளின் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

மெட்டுகுடாவில் குடியிருக்கும் ரயில்வே பிட்டர் சம்பந்தத்துக்கும் இந்தப் பெருமையில் பங்கு கிடைத்தது. எட்டு வயது மகள் ஹர்ஷிதாவுக்குக் குடல்வால் வீங்கியிருந்தது. ரயில்வே டாக்டர் காலையிலேயே, "இப்பவே எடுத்துடலாம், சின்னதாத் தழும்பு இருக்கும்" என்று சொல்லிவிட்டார். தழும்பா? பெண் குழந்தையாயிற்றே, நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டாமா? சம்பந்தம் அவளைத் தூக்கிக்கொண்டு மாதாப்பூருக்கு ஆட்டோ பிடித்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர் நந்தகுமார். "இன்னிக்குத்தான் எங்க 'நாபி மாநாடு'. பாப்பாவோட ஆபரேஷனை நூத்தி இருபது டாக்டருங்க ஹால்ல உக்காந்து லைவா பாக்கப் போறாங்க."

"எப்போ சார்?"

"முதல்ல தொப்புள்ல எந்த வடிவத்துல வெட்டறதுன்னு முடிவாகணும். நேர்கோடா, பிறையா, வளையமா? அவசரப்படற விஷயமா இது?"

யாரும் அவசரப்படவில்லை. பதினோரு மணிக்கு விவாதம் தொடங்கியது. நேர்கோட்டு அணியினர் பிறை அணியினரைப் 'பிற்போக்காளர்கள்' என்றார்கள். வளைய அணியினர் வெளிநடப்புச் செய்தார்கள். வெளியே பிரியாணி தயாராக இருந்ததால் மற்ற இரு அணிகளும் ஒருமனதாக அவர்களைப் பின்தொடர்ந்தன.

"நொப்பி, நான்னா" என்று ஹர்ஷிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வலி வந்தால் 'வலிக்குதுப்பா' என்பதுகூட அவளுக்குத் தெலுங்கில்தான் வரும். நர்ஸ் ஸ்டெல்லா, காய்ச்சல் நூற்று மூன்று என்று மாடிக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஓட்டு சமமா வந்துடுச்சாம் அண்ணா. திரும்பப் போடறாங்களாம்."

மூன்றரை மணிக்கு ஹர்ஷிதா, இப்போது வலிக்கவில்லை என்றாள். சம்பந்தம் கண்ணில் நீர் மல்க மேலே பார்த்துக் கும்பிட்டார். ஸ்டெல்லா மட்டும் முகம் வெளுத்து ஓடினாள். குடல்வால் வெடித்துவிட்டால் வலி கொஞ்ச நேரம் அப்படித்தான் அடங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

வயிறு முழுக்கச் சீழ். அதைக் கழுவ ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டியதாயிற்று. மாநாட்டின் கௌரவம் கருதி, வெட்டு தொப்புளைத் தொடாமல் வலப்பக்கமாக ஒதுங்கிப் போனது. குழந்தை பிழைத்தது, பாதி உயிராக.

ஆறாம் நாள் டாக்டர் நந்தகுமார் ஒரு போட்டோகிராபரோடு வந்து போர்வையை விலக்கினார். "பாருங்க சம்பந்தம், தொப்புள்ல ஒரு கீறல் கிடையாது. எங்க மாநாட்டு மலர்ல 'நாபி முழுமையாகக் காக்கப்பட்டது'ன்னு போடறோம். போட்டோ போட சம்மதம்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

சம்பந்தம் பேனாவை வாங்கவில்லை.

"அன்னிக்கு என் கண்ணுக்குத் தழும்புதான் தெரிஞ்சுது, புள்ளை தெரியலை. நான் பிட்டர் சார். நீங்க நூத்தி இருபது பேரும் டாக்டருங்கதானே?"