ஜில்லானந்தரின் செப்புத் தகடு

மடிக்கணினிக்குக் காய்ச்சல் வந்தால் மனிதர்கள் இவ்வளவு பதறுவார்கள் என்பது அந்தக் கடைத்தெருவில்தான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கே வரிசை மாடிப்படியில் தொடங்கி, செல்போன் உறை விற்பவரின் மேசையைச் சுற்றிக்கொண்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டி வரை நீண்டிருந்தது. எல்லார் கையிலும் ஒரு லேப்டாப். சிலர் துண்டில் சுற்றியிருந்தார்கள். சிலர் நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். ஒருவர் தன் லேப்டாப்புக்கு அட்டையால் விசிறிக்கொண்டே நின்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. லேப்டாப் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மாடியில் இருந்தவர் ஜில்லானந்தர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் அவருக்கே சூடு ஏறிவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. உடம்பில் டாக்டர் போடும் வெள்ளைக் கோட்டு. கழுத்தில் பழைய மெமரி சில்லுகளைக் கோத்த மாலை. கோட்டு, விஞ்ஞானத்தை நம்புகிறவர்களுக்கு. மாலை, மற்றவர்களுக்கு. இரண்டையும் சேர்த்து நம்புகிறவர்கள்தான் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

அவருடைய தத்துவம் எளிமையானது. சூடு என்பது லேப்டாப்பின் கோபம். பேட்டரி என்பது அதன் ஆயுள். கோபக்காரனுக்கு ஆயுள் குறைவு. ஆகவே கோபத்தைத் தணித்தால் ஆயுள் கூடும். இதைக் கேட்ட கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. தலையை ஆட்டுவதற்கு அதன் உள்ளே எதுவும் ஓட வேண்டியதில்லை அல்லவா.

கோபம் தணிக்க அவரிடம் ஒரு மருந்து இருந்தது. இரண்டு விரல் அகலச் செப்புத் தகடு. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. விசைப்பலகைக்கு மேலே, சூடு அதிகம் வருகிற இடத்தில் அதை ஒட்டுவார். ஒட்டும்போது சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. வெளிக் கரண்ட் தகட்டுக்குத் தீட்டு. ஒட்டியபின் யாரும் விரலால் தொடக் கூடாது. சக்தி கையோடு போய்விடும்.

வரிசையில் ஒரு கணக்கர் எல்லாரிடமும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ஒரு மணி நேரம்கூட தாங்காது. தகடு ஒட்டினப்புறம் ஏழு மணி நேரம் நிக்குது!"

"அப்படிங்களா? வேற ஏதாவது மாத்தினீங்களா?" என்று அவருக்குப் பின்னால் நின்ற பெண் கேட்டாள்.

"ஒண்ணுமே மாத்தலம்மா. குரு சொன்னபடி திரை வெளிச்சத்தைக் கொறைச்சேன். கேம் ஆடறதை விட்டுட்டேன். பாதி நேரம் மூடியே வெச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"அதான் நல்லா நிக்குதே, இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"இன்னொரு தகடு ஒட்டினா பதினாலு மணி நேரம் வருமான்னு கேக்கத்தான்."

கேள்வி கேட்ட பெண் ஒரு பேக்கரிக்காரரின் மகள். கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்கும் படிப்பில் கடைசி ஆண்டு. வெள்ளத்தில் பாதி மூழ்கிய ஊரில் ஒரு தபால்காரன் வீடு வீடாக நீந்திப்போய்க் கடிதம் கொடுக்கும் விளையாட்டு ஒன்றை இரண்டு வருடமாகச் செய்திருந்தாள். அடுத்த வாரம் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. அங்கே நாற்பது நிமிடம் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்த பழைய லேப்டாப் பன்னிரண்டாவது நிமிடத்தில் கொதித்துத் தானே அணைந்துவிடும். போன மாதம் வேறொரு கம்பெனியில் அப்படித்தான் அணைந்தது. தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர்கள் கறுத்த திரையைப் பார்த்து, "இதான் கிளைமாக்ஸா?" என்று கேட்டார்கள். வேலை போயிற்று.

புதிதாக ஒன்று வாங்கித் தர அப்பா சம்மதித்தார். ஆனால் ஒரே ஒரு தடவைதான் முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் தபால்காரன் இந்த முறையும் பாதி வெள்ளத்தில் நின்றுவிடுவான்.

அந்த மாடிக்குக் கீழே இருந்த லேப்டாப் கடையில் அவள் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். தடியானது. பின்பக்கம் முழுக்கக் காற்றுத் துவாரம், உள்ளே இரண்டு பெரிய விசிறி, கூடவே செங்கல் அளவு சார்ஜர். அழகு என்று ஒன்றும் சொல்வதற்கில்லை. அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"குருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குவோம் பாப்பா."

"இதுல கேக்க என்னப்பா இருக்கு?"

"பழசை யாரையும் கேக்காமத்தானே வாங்கினோம்? என்ன ஆச்சு பாத்தியா?"

"அதை வாங்கினது நீங்கப்பா. செவப்பா அழகா இருக்குன்னு."

பேக்கரிக்காரர் வரிசை நகர்கிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர்கள் முறை வந்தது. கீழே பார்த்த தடியனை வாங்கலாமா என்று பேக்கரிக்காரர் கேட்டார். ஜில்லானந்தர் மகளின் பிறந்த தேதியைக் கேட்டார். விரல் விட்டு எண்ணினார். கண்ணை மூடினார். "இந்தப் பொண்ணுக்குத் தடிச்சது ஆகாது. அது முன்கோபி. ஒல்லிதான் பொருந்தும்" என்றார்.

அன்று காலை வந்த முப்பத்தொரு பேரின் பிறந்த தேதிக்கும் அந்த ஒல்லிதான் பொருந்தியிருந்தது. கீழ்க்கடையில் எட்டு மாதமாக விற்காமல் கிடந்த மாடல் அது. கடைக்காரர் ஜில்லானந்தரின் மச்சான். கிரகங்கள் சில சமயம் சரக்குத் தேங்கிய பக்கமாகச் சாயும் போலிருக்கிறது.

"ஒல்லியில என் விளையாட்டை ஓட்டிக் காட்டுங்க ஐயா. ஓடினா வாங்கிக்கறேன்" என்றாள் மகள்.

மேசைமேல் ஒல்லி வைக்கப்பட்டது. சார்ஜர் செருகி, அவள் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து விளையாட்டை ஓட்டினார்கள். திரை மூலையில் இரண்டு எண்கள் தெரியும்படி அவள் செய்திருந்தாள். மேலே உள்ளது உள்ளிருக்கும் சூடு. கீழே உள்ளது ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது. அது குறைந்தால் ஆட்டம் திக்கும். தபால்காரன் ஜோராக நீந்தினான். கீழ் எண் எண்பது. மேல் எண் ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூற்றாறில் நின்றது. விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது.

"பாத்தீங்களா கோபத்தை!" என்றார் ஜில்லானந்தர். சார்ஜரைப் பிடுங்கினார். தகட்டை ஒட்டினார். உதடு அசைய ஏதோ முணுமுணுத்தார். மேல் எண் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு. எழுபத்தைந்து. அறுபத்திரண்டு. விசிறி அடங்கியது. கூட்டம் கைதட்டியது. பேக்கரிக்காரரின் கை பணம் இருந்த பைக்குள் போயிற்று.

"அப்பா, கொஞ்சம் இருங்க. கீழ இருக்கற எண்ணைப் பாருங்க."

எண்பது, பத்தொன்பதாகியிருந்தது. தபால்காரன் ஒரு கையைத் தூக்கி, யோசித்து, பிறகு இறக்கினான். அடுத்த கையைத் தூக்குவதற்குள் கணக்கர் ஒரு கொட்டாவி விட்டு முடித்தார்.

"ஏன் ஐயா இப்படி நொண்டறான்?"

"கோபம் போயிடுச்சும்மா. நிதானம் வந்திருக்கு" என்றார் ஜில்லானந்தர்.

"ஆமா, நல்ல நிதானம்" என்றது கூட்டம்.

மகள் தகட்டைப் பிய்த்தாள். கூட்டம் பதறிப் பின்வாங்கியது. சார்ஜரைத் திரும்பச் செருகிச் சூடு தொண்ணூற்றாறு ஏறும்வரை காத்திருந்தாள். பிறகு தகடு இல்லாமல், முணுமுணுப்பு இல்லாமல், சார்ஜரை மட்டும் பிடுங்கினாள். மேல் எண் அறுபத்திரண்டுக்கு இறங்கியது. கீழ் எண் பத்தொன்பது.

"தகடே இல்ல. ஆனாலும் எறங்குது பாருங்க. சார்ஜரை எடுத்தா இந்த மாதிரி மெஷினுக்குப் பாதிக் கரண்ட்கூட கெடைக்காது. பேட்டரியால அவ்வளவு குடுக்க முடியாது. அதனால அதுவே வேலையைக் கொறைச்சுக்கும். வேலை கொறைஞ்சா சூடு கொறையும். இதுக்கு எதுக்கு ஐயா தகடு?"

பேக்கரிக்காரர் மகளைப் பார்த்தார். "அடுப்பை அணைச்சிட்டு, சூடு கொறைஞ்சிடுச்சு பாருன்னு சொல்ற மாதிரியா பாப்பா?"

"அதேதான்பா. ரொட்டி வேகாது."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டுவதை நிறுத்தினார்கள். புதுப் பழக்கம், கழுத்து வலித்திருக்கும்.

ஜில்லானந்தர் அசரவில்லை. "சந்தேகப் புத்திக்கு விஞ்ஞானம்தான் மருந்து" என்று கோட்டுப் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது, தொடாமலே வெப்பம் அளக்கும் துப்பாக்கி. தீட்டை மறந்து சார்ஜரை அவரே செருகினார். சூடு ஏறவிட்டார். தகட்டைத் திரும்ப ஒட்டினார். இரண்டு நிமிடம் கழித்துத் தகட்டைக் குறிவைத்து விசையை அழுத்தினார். முப்பத்து மூன்று டிகிரி. தகட்டுக்குப் பக்கத்தில் கறுப்புப் பரப்பைச் சுட்டார். ஐம்பத்தாறு.

"சார்ஜர் செருகித்தானே இருக்கு? தகடு எப்படி ஜில்லுன்னு இருக்கு பாத்தீங்களா? இதுக்கு என்னம்மா சொல்ற?"

மகள் தகட்டின் அருகே குனிந்தாள். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். "தொடாதேம்மா! எல்லாருக்கும் சக்தி போயிடும்!" என்று நாலு பேர் அவள் கையைப் பிடித்தார்கள். கைதட்டல் மாடிப்படி வழியாக இறங்கிக் குப்பைத் தொட்டி வரை போயிற்று. அங்கே நின்றவர்களுக்கு எதற்கென்று தெரியாது. அவர்கள்தான் அதிகச் சத்தமாகத் தட்டினார்கள்.

பேக்கரிக்காரர் மட்டும் தட்டவில்லை. அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருவே, இதே துப்பாக்கி எங்க பேக்கரியிலயும் இருக்கு."

"ரொம்ப நல்லது. உங்களுக்கே புரியும்."

"புரியுது. வாங்கின முதல் நாள், அடுப்புல இருந்து எடுத்த புதுத் தட்டை இதால சுட்டேன். நாப்பதுன்னு காட்டிச்சு. நம்பிக் கையால தூக்கிட்டேன்." வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு நீளத் தழும்பு. "பளபளன்னு இருக்கறதைச் சுட்டா இது பொய் சொல்லும். அதோட சூட்டைக் காட்டாது. எதிர்ல இருக்கற சுவரோட சூட்டைக் காட்டும். அதனால நாங்க தட்டு மேல தாள் ஒட்டித்தான் சுடுவோம்."

சட்டைப் பையிலிருந்து, ரொட்டிப் பொட்டலத்தில் தேதி போட்டு ஒட்டும் வெள்ளைத் தாள் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். தகட்டின் நடுவில் ஒட்டினார். ஒரு நிமிடம் பொறுத்தார். ஜில்லானந்தர் கையிலிருந்த துப்பாக்கியை, மரியாதையோடுதான், பிடுங்கி ஸ்டிக்கரைச் சுட்டார்.

ஐம்பத்தைந்து.

"அது ஸ்டிக்கரோட சூடு!" என்றார் ஜில்லானந்தர்.

"என் சட்டைப் பையில இருந்துது சாமி. அது அம்பத்தஞ்சுல இருந்தா என் நெஞ்சு வெந்திருக்குமே."

முதல் சிரிப்பு யாருடையது என்று தெரியவில்லை. கணக்கர் முன்னால் வந்தார். பக்தியோடு ஒரு விரலைத் தகட்டின்மேல் வைத்தார். "ஆ!" என்று அலறி விரலை வாயில் வைத்துக்கொண்டார். இத்தனை மாதமாக அவர் தன் தகட்டைத் தொட்டதே இல்லை.

"சக்தி கைக்கு வந்துடுச்சா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜில்லானந்தர் மெல்ல எழுந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த திரைச்சீலைக்குள் நழுவப் பார்த்தார். அவசரத்தில் மெமரி மாலை சீலையில் மாட்டிக்கொண்டது. சீலை கழன்று விழுந்தது. உள்ளே, ரசீது அடிக்கும் மேசைமேல் அவருடைய சொந்த லேப்டாப். தடியானது. மகள் கேட்ட அதே மாடல். சார்ஜர் செருகியிருந்தது. அடியில் காற்றுப் போக இரண்டு மரக்கட்டை. பக்கத்தில் சுழலும் மேசை விசிறி. உடம்பில் எங்கு தேடியும் ஒரு தகடு இல்லை.

"முன்கோபியைப் பக்கத்துலயே வெச்சிருக்கீங்களே குருவே!" என்றார் பேக்கரிக்காரர்.

அதற்குமேல் மாடியில் கேட்டதை எழுத்தில் கொண்டுவர முடியாது. அச்சடிப்பவர் மறுத்துவிடுவார்.

கீழே மச்சான் தயாராக நின்றார். "நான் அப்பவே நெனைச்சேன் சார், ஒல்லி உங்களுக்கு ஆகாதுன்னு" என்று தடியனைப் பெட்டியோடு எடுத்து வைத்தார். மகள் பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். சார்ஜர் செருகி, தபால்காரனை நாற்பது நிமிடம் கடையிலேயே நீந்தவிட்டாள். சூடு எண்பத்து நாலுக்கு மேல் போகவில்லை; கீழ் எண் அசையவில்லை. பிறகு சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பார்த்தாள். ஐம்பது நிமிடம். மச்சான் மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடவேண்டும் என்று நெளிந்தார். "மூணு வருஷம் வெச்சிருக்கப் போறது. ஒரு ரெண்டு மணி நேரம் பாக்கக் கூடாதா?" என்றார் அப்பா. நேற்றுவரை சிவப்பு நிறம் பார்த்து வாங்கியவர்.

நேர்முகத் தேர்வு அறைக்குள் போனதும் அவள் வணக்கம் சொன்னாள். அடுத்ததாக, "பிளக் பாயிண்ட் எங்க இருக்குங்க?" என்று கேட்டாள்.

"ஏம்மா, பேட்டரி இல்லையா?"

"இருக்குங்க. அதுல ஓட்டினா என் தபால்காரன் நொண்டுவான். நொண்டறவனை வெச்சு நீங்க எப்படி எடை போடுவீங்க?"

நாற்பது நிமிடத்தில் தபால்காரன் கரை சேர்ந்து, கடைசிக் கடிதத்தையும் கொடுத்தான். "விசிறி ஏன் இவ்வளவு சத்தம் போடுது?" என்று ஒருவர் கேட்டார். "உள்ள வேலை நடக்குதுங்க" என்றாள். மாதம் பிறந்ததும் வந்து சேரச் சொன்னார்கள்.

ஜில்லானந்தரா? இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கோட்டு இப்போது பச்சை. செல்போன் சூட்டுக்கு வெள்ளித் தகடு. வரிசையில் மூன்றாவதாக, விரலில் கட்டோடு, நம் கணக்கர் நிற்கிறார். செம்பில்தான் பிழை, வெள்ளி வேறு என்று பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

மக்களே, கழுத்துக்கு மேலே நீங்கள் சுமந்து திரிவதும் ஒரு நல்ல மாடல்தான். எவ்வளவு ஓட்டினாலும் வெடிக்காது. வாங்கிய நாள்முதல் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்களே, ஒருமுறை பிரித்து ஓட்டிப் பாருங்கள்.