நூற்றுப் பதினெட்டு

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்னும் சரியாக நாற்பத்து மூன்று மணி நேரம் இருந்தது.

மேனேஜர் அனுப்பியிருந்தது இவ்வளவுதான்: 'வியாழன் காலை 11 மணிக்கு என் அறைக்கு வரவும். தனியாக.'

முதல் வாக்கியத்தை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தத் 'தனியாக'வைத்தான் நாலு தடவை திரும்பப் படித்தாள்.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் அவள் இன்னும் தற்காலிகம்தான். மாதக் கடைசிக்குள் வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். உள்ளே இத்தனை கலவரம் நடந்தும் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. அது பிறவியிலேயே வந்த முகம். கூடத்தில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா நர்ஸ். யார் அழுதாலும் அவசரப்படமாட்டாள்.

"தனியா கூப்பிட்டா நல்ல விஷயமாக்கூட இருக்கலாம்டி."

"நல்ல விஷயத்தை யாராவது தனியா சொல்வாங்களாக்கா? நாலு பேர் முன்னாடிதான சொல்வாங்க."

"சரி, வேலை போயிடுச்சுன்னே வெச்சுக்கோ. அம்மா என்ன சொல்வா?"

"நான் அப்பவே சொன்னேனேன்னு சொல்வா."

"வேலை கிடைச்சப்பவும் அதையேதான் சொன்னா. விடு."

அதற்குப் பிறகு அக்கா சொன்ன புத்திமதிக்கெல்லாம் அவள் தலையாட்டினாள். போனில் தலையாட்டுவது தெரியாது என்பதும், தங்கை தலையாட்டிக்கொண்டுதான் இருப்பாள் என்பதும் அக்காவுக்குப் பழகிப் போயிருந்தது.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு சீனியர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் குடுவைகள் கிணுகிணுத்தன.

"இன்குபேட்டர் ரெஜிஸ்டர் இன்னைக்கு யாரும்மா எழுதுறது?"

"நான்தான் சார்."

இன்குபேட்டர் என்பது, தண்ணீரில் கிருமி இருந்தால் வளர்ந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று முப்பத்தேழு டிகிரி கதகதப்பில் வைத்திருக்கும் பெட்டி. ஒன்பது மணிக்கு அவள் 37 என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அவள் கையெழுத்திலேயே, அரை மணிக்கு ஒன்றாக, 92, 96, 104, 110.

"நூத்திப் பத்தா! கிருமி எங்கேருந்து வளரும்? வெந்தே போயிருக்கும்!"

"சார், அது வந்து..."

"அரை மணிக்கு ஒரு தடவை பாத்து எழுதியிருக்கே. பொறுப்புன்னா இதான் பொறுப்பு. ஆனா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

அவள் பெட்டியின் முகப்பைக் காட்டினாள். "இதுல முப்பத்தேழுன்னுதான் சார் காட்டுது."

"மெஷின் பொய் சொல்லும். ரெஜிஸ்டர் பொய் சொல்லாது." சீனியர் பெட்டியின் கதவில் ஒரு விரலை வைத்தார். "ஆ! அம்மா!"

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, முழுக் கையையும் அதே கதவில் வைத்துப் பார்த்தாள்.

"இதமாத்தானே இருக்கு சார்?"

"உன் கை மரத்துப் போன கை. தள்ளு!"

பத்து நிமிடத்தில் சீனியரின் விரலில் கட்டு இருந்தது. பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். உள்ளே இருந்த நாற்பது மாதிரிகளும் குப்பைக்குப் போயின.

அவள் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தாள். இதை எப்படியாவது சரி செய்தாக வேண்டும். கூடத்தில் துண்டுக் காகிதத்தில் எண் எழுதினால் மெமோ; ரெஜிஸ்டரில் எழுதியதை அழிக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதலாம். அவள் அந்த 110-ன் மேல் கோடு இழுத்து, 'தவறான பதிவு' என்று எழுதினாள்.

சீனியர் பார்த்துவிட்டார்.

"தவறான பதிவா? விரல் வெந்து போய் நிக்கறேன், தவறாம்!" குரலைத் தாழ்த்தினார். "யாரைம்மா காப்பாத்தப் பாக்கறே? யாரோ மெஷினை நோண்டியிருக்காங்க. உனக்குத் தெரியும். நல்ல மனசு, காட்டிக் கொடுக்க மாட்டேங்கறே."

"யாரும் நோண்டல சார்."

"ம்... அழுத்தக்காரி." அவர் பார்வை மெதுவாக ஆயாம்மாவின் துடைப்பத்தின் மீது போய் நின்றது.

அன்றைக்கே மெக்கானிக் வந்துவிட்டார். பெட்டியின் முதுகைக் கழற்றும் முன் ரெஜிஸ்டரை ஒரு முறை பார்த்தார். கடைசியாக, அவள் கையெழுத்தில், மூன்று மணிக்கு, 118.

"எத்தனை மணிக்கு சார் ஆஃப் பண்ணீங்க?"

"பதினொண்ணே முக்காலுக்கு."

மெக்கானிக் காதைச் சொறிந்தார். சீனியர் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். மேனேஜரும் வாசலில் வந்து நின்றார். மெக்கானிக் சொறிவதை நிறுத்தினார்.

"உள்சூடு சார் இது. அணைச்சப்புறம்தான் வேகம் எடுக்கும். இன்னும் அரை நாள் விட்டிருந்தா கட்டடமே போயிருக்கும்."

"அதான பாத்தேன்," என்றார் மேனேஜர். "காலையில இந்தப் பக்கமே நடக்க முடியல. அனல்!"

மெக்கானிக் சூடேற்றும் காயில் கம்பியைக் கழற்றி எடுத்தார். "கருகிப் போச்சு, பாருங்க." காயில் பளபளவென்று இருந்தது. எல்லோரும் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் மேனேஜர் அறைக் கதவைத் தள்ளினாள். தனியாக என்று சொன்ன அறையில் சீனியர் இருந்தார், மெக்கானிக் இருந்தார், ஓர் ஓரமாக ஆயாம்மாவும் நின்றாள்.

"உட்காருங்கம்மா. கூப்பிட்ட காரணத்தை முதல்ல சொல்லிடறேன். வேலை செய்யற இடத்துல பதட்டத்தை எப்படிச் சமாளிக்கிறதுன்னு எல்லாருக்கும் வகுப்பு எடுக்க, கிளைக்கு ஒரு ஆள் வேணுமாம். தலைமை அலுவலகத்துல கேட்டிருக்காங்க. நம்ம இடத்துல பதட்டம்னா என்னன்னே தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான். உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். அதோட வேலையும் நிரந்தரம்."

அவள் முகம் அசையவில்லை.

"பாத்தீங்களா!" என்றார் மேனேஜர் மற்றவர்களிடம். "நேத்து மெஷின் வெடிக்கிற நிலைமையிலயும் இப்படித்தான் நின்னாங்களாம்."

"மலை மாதிரி சார்," என்றார் சீனியர்.

"நல்லது. இப்ப இதை முடிச்சிடுவோம்." மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். "துடைக்கிற சாக்குல ஆயாம்மா சூடு கூட்டற திருகைத் திருப்பியிருக்காங்க. சீனியர் விரல் சாட்சி. காயில் சாட்சி. நானே அனலை உணர்ந்தேன். இன்னையோட அவங்களை நிறுத்தறோம். ரெஜிஸ்டர் எழுதினது நீங்க, உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"நான் வெளிப்பக்கம் தூசி தட்டினதோட சரிங்க," என்றாள் ஆயாம்மா. "இதமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் பேனாவை எடுத்தாள். சீனியரின் கட்டைப் பார்த்தாள். மேஜையில் பளபளத்த காயிலைப் பார்த்தாள். தன் பெயருக்குக் கீழே இருந்த வெற்றுக் கோட்டைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள். எட்டு மாதத்தில் முதன்முறையாக அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பயம் வந்தா அரை மணிக்கு ஒரு தடவை எண்ணி எழுதுன்னு எங்கக்கா சொன்னா. துண்டுக் காகிதத்துல எண் எழுதினா மெமோ குடுப்பீங்களேன்னு ரெஜிஸ்டர்ல எழுதினேன். அது மெஷினோட சூடு இல்ல சார். என் நாடித்துடிப்பு."