மூன்று கம்பிகளை மட்டும் பிடிக்கும் கேப்போ

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து மாமாவுக்கு உங்கள் மருமகள் எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நலம், நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன கிட்டாரும் நலம். அதன் கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்துகிற கிளிப்பு, அந்தக் கேப்போவுக்குத்தான் உடம்பு சரியில்லை. தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போர்வைக்குள் எழுதுகிறேன், அதனால் எழுத்து சாய்ந்திருக்கும். பக்கத்து அறையில் அம்மா இருமினால் அணைத்துவிடுவேன்.

பரீட்சை மார்க் வரும்வரை தொடக்கூடாது என்று அம்மா கிட்டாரை அலமாரி மேலே ஏற்றிவிட்டாள். கேப்போ மட்டும் மேசையில் கிடந்தது. தொலைந்துவிடக்கூடாதே என்று நல்ல எண்ணத்தில் பென்சில் டப்பாவில் வைத்தேன், மாமா, சத்தியமாக நல்ல எண்ணம்தான், ஆனால் அது வைத்த இடத்தில் அழிரப்பர் வைக்க இடமில்லாமல் போய், கணக்குப் பரீட்சையில் ஆறுக்குப் பதில் ஒன்பது போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தால் உங்கள் கேப்போதான் பல்லைக் காட்டுகிறது. பக்கத்தில் என் தோழி, வாய் மூடாததால் அவளுக்கு வானொலி என்று பேர்.

“ஏய், அதுல ரப்பர் இருக்குடி.”

“இது எங்க மாமாவோடது.”

“பரீட்சை உங்க மாமாவா எழுதறாரு? வெட்டுடி!”

கம்பிகளை அழுத்துகிற அந்தக் கறுப்பு ரப்பரை ஸ்கேல் ஓரத்தால் அறுத்தேன். ஒரு நுனியில் சின்னத் துண்டு எனக்கு, மறு நுனியில் பெரிய துண்டு அவளுக்கு, ஏனென்றால் யோசனை சொன்னவளுக்குப் பெரிய பங்கு என்பது வானொலியின் சட்டம். அது ஒன்றையும் அழிக்கவில்லை. நான் போட்ட ஒன்பது ஒரு கறுப்புப் பூசணிக்காய் ஆகி, அப்புறம் தாளில் ஒரு ஜன்னல் ஆகிவிட்டது.

அம்மா ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவாள். அதற்குள் நாற்காலி போட்டுக் கிட்டாரை இறக்கி, உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று அதன் கழுத்தில் இரண்டாம் கட்டத்தில் கேப்போவை மாட்டினேன். ரப்பர் மிச்சமிருந்தது நடுவிலே மட்டும், அதனால் அது நடுக்கம்பிகள் மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. மேலே தடிக்கம்பி ஒன்றும் கீழே மெல்லிய கம்பிகள் இரண்டும் சுதந்திரம். ஒரு விரல்கூட வைக்காமல் சும்மா ஒரு வருடு வருடினேன் மாமா, ஆளில்லாத பெரிய கூடத்தில் யாரோ எல்லா ஜன்னலையும் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு விரல் வைத்தால் ஒரு கார்டு, அதாவது ஒரு சுரக்கூட்டு, இன்னொரு விரல் சேர்த்தால் வேறு கார்டு. எதை மாற்றினாலும் விட்டுப்போன கம்பிகள் நிற்காமல் பின்னாலேயே ஒலித்துக்கொண்டு வந்தன. பக்கத்து வீட்டில் கேட்டு அம்மாவிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குள் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இத்தனை பயத்திலும் வாசிப்பதற்குக் காரணம் இசை டீச்சர். பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குக் கிட்டார் வாசிக்க ஒரே ஓர் இடம். பாட்டில் நான்கு தடவை எஃப் கார்டு வருகிறது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் படுக்கவைத்து அழுத்த வேண்டும். என் விரல் ஐந்தாவது கம்பியோடு முடிந்துவிடுகிறது. சத்தம் ‘டொக்’ என்று கதவு தட்டுகிறது. “எஃப் வராதவங்க கைதட்டற வரிசைக்குப் போங்க, கைதட்டறதும் இசைதான்மா” என்றார் டீச்சர். நான் போகமாட்டேன் மாமா. பள்ளிக்கூடத்துக் கிட்டாரில் உங்கள் கேப்போவை மாட்டிக்கொண்டு இன்றைக்கு அவர் முன்னால் போய் நின்றேன்.

“என்ன இது, உடைஞ்ச கிளிப்பு?”

“டீச்சர், இதை மாட்டினா எஃப் இல்லாமலே முழுப் பாட்டும் வரும். பாடறவங்க மட்டும் கொஞ்சம் மேல் சுருதிக்கு ஏறிப் பாடணும்.”

“நீ விரலை நீட்டமாட்டே, அவங்க தொண்டையை நீட்டணுமா?” என்றார் டீச்சர். பாடுகிற வரிசை மொத்தமும் என்னை முறைத்தது. வானொலி மட்டும், “நான் ஏறுவேன் டீச்சர், எனக்குக் கூச்சல் புதுசில்ல” என்றாள். கடைசியில் டீச்சர், “நாளைக்கு ஒரே தடவை. பிசிறடிச்சா கைதட்டற வரிசை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாளைக்கு வாசிக்கத்தான் போகிறேன். உங்கள் பொருளை அறுத்ததற்கு ஆயிரம் மன்னிப்பு. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்கும் கிட்டாருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிடுவாள். உங்கள் உடம்பையும் விரல்களையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடனும் நடுக்கத்துடனும்,
உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: அம்மா போர்வையைத் தூக்கிவிட்டாள். கடிதத்தை நின்றபடியே படித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

“ஆறு மணிக்கு வர்றேன்னு யாரு சொன்னா? தினமும் அஞ்சரைக்கே வந்து, நீ முடிக்கிறவரைக்கும் மாடிப்படியில உக்காந்திருக்கேன். நாளைக்கு அவசரப்படாம வாசி.”

“மாமா திட்டுவாரே?”

“யாரு, அவனா? பத்து வருஷமா அவனுக்கு எஃப் வரலை. அதை மறைக்கத்தான் அந்தக் கிளிப்பையே வாங்கினான்.”

ஆகவே மாமா, மேலே கேட்ட ஆயிரம் மன்னிப்பையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை வரும்போது இரண்டு விரல் மட்டும் கொண்டுவந்தால் போதும், நான் சொல்லித் தருகிறேன்.