ஆயிரத்தொன்பதாவது முறுக்கு

பாயில் முறுக்குகளை ஆறு கும்பலாகப் பிரித்துவிட்டு நிமிர்ந்தாள் பாக்கியலட்சுமி. ஒன்றே ஒன்று மிச்சம். அதுவும் கோணல் முறுக்கு.

பாரிசவாயுவில் விழுந்த கணவர் கருணாகரன் பிழைத்து எழுந்ததற்கு ஆயிரத்தெட்டு கைமுறுக்கு வேண்டுதல். கஷ்டத்தில் கைகொடுத்த ஆறு வீட்டுக்கும் சமமாகப் போக வேண்டும், தன் வீட்டில் ஒன்றுகூடத் தங்கக் கூடாது. உயிர் கிடைத்துவிட்டது. தையல்காரரான அவரின் வலது கைதான் இன்னும் மரக்கட்டை. மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கொடி தைக்கச் சொல்லி மலாக்காவின் கஜா பெராங் வட்டாரமே வாசலுக்கு வருகிறது, இவர் மிஷினோ மூடிக் கிடக்கிறது. வேண்டுதல் பிசகினால் அந்தக் கை என்னாவது?

"ஹஸீனா, செமாபோக் டாக்சிக்காரரையும் சேர்த்துக்குவோம். ஆஸ்பத்திரிக்கு அவர்தானே ஓட்டினாரு."

மூன்று நாளாகக் கூடவே உட்கார்ந்து முறுக்கு சுற்றிய பக்கத்து வீட்டு ஹஸீனா, ஏழு கும்பல் போட்டாள். ஒன்று மிச்சம்.

"உஜோங் பாசிர் மீன்காரம்மா? இவருக்குன்னு நல்ல மீனா எடுத்து வச்சுத் தந்தாங்களே."

எட்டு கும்பல். ஒன்று மிச்சம். தினமும் விபூதி கொண்டுவந்த கோவில் பண்டாரத்தோடு ஒன்பது. சொல்லிவைத்தாற்போல் அதே கோணல் மிச்சம்.

இத்தனை பேரா நம்மைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று பாக்கியத்துக்குக் கண் கலங்கியது. கணக்குதான் மசியவில்லை.

"பாக்கியம், அது வந்து..." என்றார் சாய்வு நாற்காலியிலிருந்த கருணாகரன்.

"நீங்க சும்மா இருங்க! உங்களுக்காகத்தான் இந்தப் பாடு."

ஹஸீனா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டு நல்லையா, கணக்கு வாத்தியார். கூப்பிட்டதும் வந்தார், மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்.

"ஆயிரத்தெட்டு தங்கமான எண்ணும்மா. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாருக்கும் பங்கு குடுக்கும். இங்க இருக்கிறது ஆயிரத்தொன்பது. பகா எண். யாருக்கும் வளைஞ்சு குடுக்காது."

"பத்து வீடு சேர்த்தா? பதினொண்ணு?"

"மலாக்காவையே கூப்பிட்டாலும் கஷ்டம்தான். மொத்தத்தையும் ஒரே வீட்டுக்குக் குடுங்க. இல்லே, ஆயிரத்தொன்பது வீட்டுக்கு ஆளுக்கொண்ணு குடுங்க."

"ஐயையோ! எண்ணி எண்ணித்தானே போட்டேன்? எங்கிருந்து வந்துச்சு இந்தச் சனியன்? இவர் கை விளங்காமப் போகணும்னே வந்திருக்கு!"

கோணல் முறுக்கைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். காக்காய்க்குப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது. கையை ஓங்கினாள்.

ஹஸீனா ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாதீங்கக்கா! கத்தரி பிடிக்கிற வரைக்கும் சொல்லாதேன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. நேத்து நீங்க மார்க்கெட்டுக்குப் போனப்ப, அவரு வலது கையாலயே சுத்துன முறுக்கு அது!"