மறுத்துப் பேச ஓர் ஆள்

“திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும் சார். லேசா திட்டினாக்கூடப் போதும்,” என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார் விரிவுரையாளர்.

பழம்பாடல் ஆராய்ச்சியில் கொடிகட்டிப் பறக்கும் பேராசிரியைக்குப் பாராட்டுக் கருத்தரங்கு. ஏற்பாடெல்லாம் அவருடைய பழைய மாணவரான இந்த விரிவுரையாளர் தலையில். அழைக்கப் போனபோதே பேராசிரியை நிபந்தனை போட்டுவிட்டார்.

“எல்லாரும் புகழ்ந்துட்டுப் போறதுக்கு நான் எதுக்கு? என் புத்தகம் தப்புன்னு மேடையில ஒருத்தராவது பேசணும். இல்லேன்னா நான் வரலை.”

பழம்பாடலில் பாடுகிறவரைவிட, வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்தான் முக்கியம். அவருக்கு ஏற்பத்தான் பாட்டே பிறக்கிறது. அந்தப் புத்தகம் சொன்னது இதுதான். அது வந்தபிறகு பழம்பாடலை யாராலும் பழைய மாதிரி படிக்க முடியவில்லை.

போனின் மறுமுனையில் இருந்தவர் ஒரு விமர்சகர். எந்தப் புத்தகத்தையும் நறுக்காமல் விட்டதில்லை என்பதால் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர்.

“அந்தம்மாவையா? வெளுத்து வாங்கிடறேன்!” என்றார்.

விரிவுரையாளர் நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

“தம்பி, திட்டித்தான் எழுதினேன்,” என்றது மறுபடி போனில் வந்த குரல். “திரும்பப் படிச்சுப் பார்த்தா, என் வாதமெல்லாம் அந்தம்மாவோட வாதமாவே இருக்கு. இவ்வளவு நாளா என் சொந்தச் சரக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே!”

“அப்போ வர மாட்டீங்களா?”

“வராம? பாராட்டறதுக்கு எனக்கு நேரம் ஒதுக்குங்க.”

எதிர்ப்பவர் ஒருவரும் இல்லை. பாராட்டுகிறவர்களில் ஒருவர் கூடிவிட்டார்.

அடுத்து, இலக்கியம் என்றாலே கொட்டாவி விடும் கணக்குப் பேராசிரியரைப் பிடித்தார். இவர் கண்டிப்பாகக் கவிழமாட்டார் என்று நம்பிப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பினார். அதுதான் வினை. மறுநாளே அவர் தாழ்வாரத்தில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன புத்தகமய்யா இது! கேக்கறவன்தான் முக்கியமாமே? நான் இத்தனை வருஷமா கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தியிருக்கேன். இன்னிக்குத்தான் திரும்பிப் பசங்க மூஞ்சியைப் பார்த்தேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியலை!”

“அதனால?”

“அதனால முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கேன். நானும் மேடையில அந்தம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லணும்.”

விரிவுரையாளர் வீட்டுக்கு வந்து சோபாவில் தொப்பென்று விழுந்தார்.

“நீங்களே திட்டுங்களேன்,” என்றாள் மனைவி.

“நானா? எனக்குப் படிக்கவே கத்துக்குடுத்தவங்கடி.”

“அவங்க வரணும்னா வேற வழி?”

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். “இந்நூல் முற்றிலும் பிழை…” என்று தொடங்கியவருக்குப் பழைய வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது. மாணவனாக இருந்தபோது வகுப்பில் அசட்டுத்தனமாக ஏதோ கேட்டுவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, “இதை நான் யோசிச்சதே இல்லையே,” என்று மணி அடிக்கிறவரை அந்தக் கேள்வியைப் பற்றியே பேசினார். அன்றைக்குத்தான் இவர் நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். “என்ன, திட்டியாச்சா?”

“வாழ்த்துப்பா மாதிரி வந்துடுச்சு,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கருத்தரங்கு அன்று காலை. மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். விழாவின் நாயகி மட்டும் வரப்போவதில்லை. நேரில் போய்க் காலில் விழுவதைத் தவிர வழியில்லை என்று விரிவுரையாளர் பேராசிரியையின் வீட்டுக்கு ஓடினார்.

அவருடைய கணவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சார், மன்னிக்கணும். ஊரெல்லாம் தேடிட்டேன். மேடத்தை மறுத்துப் பேச ஒரு ஆள்கூடக் கிடைக்கலை. எல்லாரும் அவங்க பக்கம் சாஞ்சுட்டாங்க.”

உள்ளே மூடிய அறையிலிருந்து பேராசிரியையின் குரல் ஆவேசமாக வந்தது. “அபத்தம்! ஆதாரமே இல்லை!”

விரிவுரையாளர் ஓரடி பின்வாங்கினார். “யாரையோ திட்டிக்கிட்டிருக்காங்க போலிருக்கு. நான் அப்புறமா வரட்டுமா?”

கணவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

“தன் புத்தகத்தைத்தான் தம்பி திட்டறா, மறுத்துப் பேச அவளையே யாராவது கூப்பிட மாட்டாங்களான்னுதான் அந்த நிபந்தனையே போட்டா!”