பன்னிரண்டு நாள் விடுப்பில் கிடைத்த ஞானம்

1978-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மட்டாஞ்சேரி ஏழாம் எண் சான்றிதழ் அலுவலகத்தின் சூப்பிரண்டு திருவாளர் வெங்கிடாசலம் அவர்கள் ஞானம் அடைந்தார்கள். அதற்காக முறைப்படி பன்னிரண்டு நாள் ஈட்டிய விடுப்பு எடுத்திருந்தார்கள். தியான முகாம் பத்து நாள்தான். மீதி இரண்டு நாள் போகவர. முகாம் நடந்த போர்ட் கொச்சி பங்களா அவர் வீட்டிலிருந்து நடந்தால் அரை மணி நேரம். ஆனாலும் ஞானத்துக்குப் போகிறவர் அவசரப்படக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. விடுப்பு விதிகளும் அதை ஆட்சேபிக்கவில்லை.

வெங்கிடாசலம் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் ஊறிப்போன குடும்பம். வயது ஐம்பத்திரண்டு. 1961-இல் ஒரு மேலதிகாரி அவருடைய ரகசியக் குறிப்பில் "போதிய சுறுசுறுப்பு இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டார். காலை முழுவதும் அந்த வரியை நினைத்து வருந்துவார். மதியத்துக்கு மேல், அடுத்த பதவி உயர்வு வருமா வராதா என்று கவலைப்படுவார். இரண்டுக்கும் நடுவே கோப்பு பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ரத்தக் கொதிப்பு வந்தது. உப்பையும் யோசனையையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். உப்பை அவர் மனைவி குறைத்தாள். யோசனையைக் குறைக்க அவர் தத்க்ஷணானந்த சுவாமிகளிடம் போனார்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் அதுதான் மோகம். அதற்கு முந்தின வருஷம் பெல்பாட்டம். நீளமுடி வெள்ளைக்காரர்கள் போர்ட் கொச்சி கடற்கரையில் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து முதலில் சிரித்தோம். பிறகு அதற்கு ஒரு பங்களாவும் ஒரு சுவாமியும் வந்ததும் மரியாதை வந்துவிட்டது. "நேற்று செத்தது, நாளை பிறக்கவில்லை, இக்கணமே சத்தியம்" என்பது சுவாமியின் உபதேசம். சாயாக்கடையில்கூட "சாயா எப்போ வரும் சேட்டா?" என்று கேட்டால் "வரும்போது வரும்" என்றார்கள். முன்பும் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது அது தத்துவம்.

விடுப்பு முடிந்து வந்த அன்று வெங்கிடாசலம் நேராகத் தமது டைப்பிஸ்ட் கமலாக்ஷியைக் கூப்பிட்டார்.

"கமலாக்ஷி, அந்தக் கடிகாரத்தை இறக்கிடு."

"அது நின்னு ரெண்டு வருஷமாச்சே சார். இருந்தா என்ன?"

"பத்தேகால்னு காட்டறது. அது என்னைக்கோ கழிஞ்சுபோன பத்தேகால். ஆபீஸ்ல இறந்தகாலம் இருக்கப்டாது."

கடிகாரம் போயிற்று. காலண்டர் போயிற்று. தேதி முத்திரைக்குப் பதிலாக "இப்போது" என்று ஒரு ரப்பர் முத்திரை செய்யப்பட்டது. தேங்கிக் கிடந்த கோப்புகள் அனைத்தும் இறந்தகாலம் என்று தீர்மானிக்கப்பட்டு, பின்னறையில் வைத்துப் பூட்டப்பட்டன. நிலுவைப் பதிவேட்டில் "நிலுவை ஏதுமில்லை" என்று எழுதப்பட்டது. புகார்கள் ஏற்கனவே நடந்துபோன விஷயத்தைப் பற்றியவை என்பதால் இனி அவற்றை வாங்க வழியில்லை. வரிசையும் ஒழிந்தது. முதலில் வந்தவர் என்று ஒருவரைச் சொன்னால், 'முதலில்' என்ற சொல்லே கடந்தகாலம் ஆகிறதே!

பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் பேச்சியும் அவள் மகள் ஸ்வர்ணலதாவும் உள்ளே வந்தார்கள். பேச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். மட்டாஞ்சேரி கிடங்கு ஒன்றில் சுக்கும் மிளகும் காயவைத்துப் புடைக்கிற வேலை. மகளுக்குப் பத்தொன்பது வயது. எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு அவளை அழைத்திருந்தார்கள். பத்து வருஷமாக இந்த ஊரில் வசிப்பதாக ஒரு சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பெண் என்று தள்ளிவிடுவார்கள். புடைக்கிற தூசியில் இருமி இருமிப் படிக்கவைத்த பெண்.

"அய்யா, எம் பொண்ணுக்கு ஒரு காயிதம் வேணும். பத்து வருசத்துக்கு மேல இங்கதான் கெடக்கோம்னு" என்றாள் பேச்சி.

"பத்து வருஷமா? எங்கே?"

"கிடங்குக்குப் பின்னால, சந்துலய்யா."

"எடத்தைக் கேக்கலை. அந்தப் பத்து வருஷம் இப்போ எங்கே இருக்கு? காட்டு, பாக்கலாம்."

பேச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மகளின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "இந்தா நிக்காள்லா? இம்புட்டுப் பிள்ளையா வந்தா. இப்ப இம்புட்டு."

வெங்கிடாசலம் ஒரு விநாடி தடுமாறினார். ஆனால் பத்து நாள் பயிற்சி கை கொடுத்தது. "இது இக்கணத்துப் பொண்ணு. அந்தச் சின்னப் பொண்ணு எங்கே? இல்லை பாத்தியா?"

ஸ்வர்ணலதா ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடத்துச் சான்றிதழையும் நீட்டினாள். "சாரே, வியாழக்கிழமை இன்டர்வியூ. சர்ட்டிபிக்கட் இல்லேன்னா உள்ளே கேற்ற மாட்டாங்க."

"வியாழக்கிழமை எங்கே இருக்கு? இதெல்லாம் பழைய காகிதம் குழந்தே. நான் என் கண்ணால பாக்கறதைத்தான் எழுதித் தருவேன். அதுதான் சத்தியம்."

எழுதியும் கொடுத்தார். கமலாக்ஷி தட்டச்சு செய்த அந்தச் சான்றிதழ் பின்வருமாறு:

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், குமாரி ஸ்வர்ணலதா என்பவர் இப்போது என் மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டிருக்கிறார். இது என் நேரடி அறிவுக்கு உட்பட்ட உண்மை. தேதி: இப்போது."

கையெழுத்து, அரசாங்க முத்திரை, எல்லாம் இருந்தன.

வியாழக்கிழமை ஸ்வர்ணலதா படகேறி எர்ணாகுளம் போனாள். தட்டச்சுத் தேர்வில் ஒரு பிழை இல்லை. பிறகு மூன்று அதிகாரிகள் முன்னால் நிறுத்தினார்கள். நடுவில் இருந்தவர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க இப்போ எங்கே நிக்கறீங்க?"

"இங்கேதான் சார்."

"இதுல மட்டாஞ்சேரி சூப்பிரண்டு மேஜைக்கு எதிரில் நிக்கறதா போட்டிருக்கு. அரசாங்க முத்திரை இருக்கு. அப்போ இங்கே வந்திருக்கறது யாரு?"

"நான்தான் சார்."

"சும்மா நீங்க சொன்னாப் போதுமா? முத்திரை இருக்கா?"

இடப்பக்கத்து அதிகாரி கவலையோடு குனிந்தார். "இவங்க அங்கே நிக்கறது சான்றிதழ்படி உறுதி. அப்போ இங்கே வரலைன்னுதானே நாம எழுதணும்?"

அப்படியே எழுதினார்கள். "விண்ணப்பதாரர் ஆஜராகவில்லை. தட்டச்சு: மிக நன்று." வலப்பக்கத்தில் இருந்தவருக்குக் கொஞ்சம் இரக்கம். "பத்து நாள் தரோம், வேற சான்றிதழ் கொண்டா" என்றார்.

படகில் திரும்பி வரும்போது ஸ்வர்ணலதா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பேச்சி முறத்தைக் கீழே வைத்தாள். "நான் போயி உக்காருதேன். காயிதம் தராம எப்படி இருக்கான்னு பாத்துருவோம்" என்றாள்.

மறுநாள் காலை ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடத்துச் சான்றிதழையும் மடியில் வைத்துக்கொண்டு அலுவலகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் ஆத்திரத்தில் சூப்பிரண்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மகளை நினைத்து நினைத்துத் தலை வலித்தது. மூன்றாம் நாள் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது: கையில் முறம் இல்லாமல் இப்படி அவள் என்றைக்குமே உட்கார்ந்ததில்லை. பிரசவத்துக்கு மறுவாரமே களத்தில் நின்றவள்.

நான்காம் நாள் மழை பெய்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம், வெளியே யாரோ சாக்கைப் போட்டு மூடுகிற சத்தம், ஈரக் காற்றில் சுக்கு வாசனை. பேச்சி எதையும் தேடவில்லை. சும்மா இருந்தாள். மகளின் வேலை, காகிதம், எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. ஆனால் எதுவும் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. மழை மழையாகப் பெய்தது. அது போதுமாக இருந்தது. அவளுக்கே காரணம் தெரியாமல் முகம் மலர்ந்துபோயிற்று.

அதை வெங்கிடாசலம் பார்த்துவிட்டார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முகாமிலிருந்து வந்து ஒரு மாதமாக அவர் தினமும் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒரு கணம்கூட அகப்படவில்லை. தம்முடைய சீர்திருத்தம் மேலிடத்துக்குத் தெரிந்திருக்குமா, அதைக் கேட்டு 1961-ஆம் வருஷத்து வரியை அடித்துவிடுவார்களா என்றுதான் மனது ஓடியது. காலண்டர் இல்லாத வெறும் சுவரைப் பார்த்தால், இன்றைக்கு என்ன தேதி என்ற யோசனை வேறு சேர்ந்துகொண்டது. பெஞ்சருகே மெதுவாக வந்தார்.

"என்னம்மா பண்றே?"

"உக்காந்திருக்கேன்யா."

"மனசுல என்ன ஓடறது?"

"ஒண்ணும் ஓடல. மழ பெய்யுது. கேக்கேன்."

"பொண்ணோட வேலை?"

"அது கெடக்கு. அழணும்னா அழுவேன். இப்ப மழதான பெய்யுது?"

வெங்கிடாசலம் வெளிறிப்போய் இருக்கைக்குத் திரும்பினார். "கமலாக்ஷி, அவளுக்கு வந்துடுத்து."

"அய்யோ, காய்ச்சலா சார்?"

"ஞானம்! பன்னிரண்டு நாள் லீவு போட்டுப் போனவன் நான்..."

"அவங்களுக்கு நாலு நாள்தான் ஆச்சு சார்" என்று கமலாக்ஷி காகிதத்தை உருளையில் சுற்றினாள். "போகவர லீவும் எடுக்கலை."

அந்தச் சமயத்தில் ஒரு தந்தி வந்தது. துறையின் இணை இயக்குநர் அடுத்த வாரம் புதன்கிழமை அலுவலகத்தைப் பார்வையிட வருகிறார். நிலுவையே இல்லாத, புகாரே இல்லாத ஒரு சான்றிதழ் அலுவலகம் இருக்கிறது என்று யாரோ சொல்லி அவருக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

வெங்கிடாசலம் எழுந்து நின்றார். "புதன்கிழமை வரார்! இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"புதன்கிழமை எங்கே இருக்கு சார்?" என்றாள் கமலாக்ஷி.

"காலண்டர்ல இருக்கு! போய் எடுத்துண்டு வா!"

காலண்டர் வந்தது. திட்டமும் வந்தது. இந்தச் சீர்திருத்தத்தால் பயன் அடைந்தவர் என்று இணை இயக்குநரிடம் ஒருவரைக் காட்டினால் பதவி உயர்வு உறுதி. பேச்சியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் கமலாக்ஷி பயனாளிப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்து, ஆறாவது இனத்தின் மேல் விரலை வைத்தாள். பயனாளி பத்து வருஷம் இவ்வூரில் குடியிருந்தவராக இருக்க வேண்டும். உரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.

"யார் குடுக்கணும் அந்தச் சான்றிதழ்?"

"நாமதான் சார்."

"அப்போ டைப் பண்ணு! ரேஷன் கார்டைப் பாரு, ஸ்கூல் காகிதத்தைப் பாரு. சீக்கிரம்!"

கமலாக்ஷி தட்டச்சு செய்தாள். "பேச்சி என்பவர்" என்று அடித்துவிட்டு, அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம் மகள் ஸ்வர்ணலதாவுடன்" என்று சேர்த்தாள். பயனாளிப் படிவத்துக்கு ஒன்று, பேச்சிக்கு ஒன்று என இரண்டு பிரதி. வெங்கிடாசலம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

பேச்சி காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருங்கய்யா."

"அதிருக்கட்டும். புதன்கிழமை வந்து இதே பெஞ்சுல, இதே மாதிரி முகத்தை வச்சுண்டு உக்காந்திருக்கணும், கேட்டியா?"

"இதே மாதிரியா? அன்னைக்கு எப்படி இருக்குமோ, யாரு கண்டாய்யா?" என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கி நடந்தாள்.

ஸ்வர்ணலதா அடுத்த படகில் எர்ணாகுளம் போனாள். இந்தத் தடவை அவள் வந்திருப்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். வேலை கிடைத்தது. அன்று பேச்சி சந்தில் இருந்த எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்து, ஒரு மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாள் களத்துக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை நல்ல வெயில். சுக்குக் காயப்போட வேண்டிய நாள். பேச்சி வரவில்லை. கடைசி நிமிஷத்தில் வெங்கிடாசலம் கமலாக்ஷியையே பெஞ்சில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். இரண்டு நாளாகப் பதிவேடுகளைத் திருத்தித் திருத்தி அசந்துபோயிருந்த கமலாக்ஷி அப்படியே தூங்கிவிட்டாள். இணை இயக்குநர் அவள் எதிரில் பத்து நிமிஷம் நின்றார்.

"எவ்வளவு ஆழமான நிலை!" என்றார். "என் அலுவலகத்திலும் பலருக்கு இதற்கான அறிகுறி இருக்கிறது. ஆனால் இந்த அளவுக்கு இல்லை."

வெங்கிடாசலத்துக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டே மாதத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. 'இக்கணத்தில் வாழும் திட்டம்' எல்லாச் சான்றிதழ் அலுவலகங்களுக்கும் விரிவாக்கப்படுகிறது. இத்திட்டம் சென்ற ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முன்தேதியிட்டு அமலுக்கு வருகிறது. விழிப்பு அடைந்தவர்கள் மூன்று பிரதிகளில் விண்ணப்பித்து விழிப்புச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். வருகிற மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு ஏற்படும் விழிப்புகள் ஏற்கப்பட மாட்டா.

எதற்கு இந்தச் சான்றிதழ் என்று மட்டாஞ்சேரியில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதே போதுமானதாக இருந்தது. மிளகு வியாபாரிகள் வாங்கினார்கள், வாத்தியார்கள் வாங்கினார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் மாப்பிள்ளையின் சான்றிதழைக் கேட்டார்கள். படகு ஜெட்டிக்கு எதிரே விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நாலு பேர் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். நானும் கூட்டத்தில் முண்டியடித்து, ஒரு சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு, வாங்கிவிட்டேன். எண் 2816. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

வருஷ முடிவில் ஏழாம் எண் அலுவலகம் அனுப்பிய அறிக்கையில் எங்கள் வட்டாரத்தின் நிலவரம் தெளிவாக இருக்கிறது. விழிப்பு அடைந்தோர்: 4311. அடையாதோர்: 1.

அந்த ஒருத்தியின் பெயர் பேச்சி. மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் போயின. மூன்றாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முயன்ற ஊழியர் கோப்பில் இவ்வாறு குறிப்பு எழுதினார்: "மேற்படியாள் வெயிலில் மிளகு கிண்டிக்கொண்டிருந்தாள். மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. நான்காம் முறை, 'இருங்கய்யா, மிளகு காயுது' என்றாள்."

அவள் விஷயமாக மேல் நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது. ஒருத்தியால் ஊருக்கே கெட்ட பெயர் என்று நாங்கள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேரும் மிகவும் வருத்தப்படுகிறோம்.