உப்பு விளையாத வெள்ளை வானம்

நெடுங்கோடை என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. தூங்கி எழுந்தவனுக்குப் பாதி மட்டும் ஞாபகம் இருக்கும் ஊரைப் போல, கடலோரத்தில் எங்கோ இருந்தது. அங்கே அடித்தது பொல்லாத வெயில். சூளைகள் இரவு பகலாகப் புகைந்தன, வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. சூளைகளெல்லாம் அரண்மனைச் சம்பந்திகளுடையவை. அவற்றை அணைக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே வானத்தைத் திருத்துவது என்று முடிவாயிற்று.

வானத்துறை என்று ஒரு துறை பிறந்தது. அதன் அமைச்சர் தண்ணிழல் பெருமாள், கிளிஞ்சலைச் சுட்டு மாவாக அரைத்து, ஆயிரம் பலூன்களில் ஏற்றி, மேகத்துக்கும் மேலே தூவச் சொன்னார். அந்தப் பொடி வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுமாம். பொய் சொல்லக் கூடாது, அனுப்பத்தான் செய்தது. வானம் நீலத்தை விட்டுப் பால் நிறமானது. நிழல்கள் தரையிலேயே கரைந்து காணாமல் போயின. நாய்கள் நடுத்தெருவில் படுத்து மாலைவரை தூங்கின. அந்தி வந்தால் மேற்கே ஒரு செம்பருத்திச் சிவப்பு, அணைய மனமில்லாமல் வெகுநேரம் நின்றது. எனக்கே அங்கே போய் இருந்துவிடலாமா என்று ஆசையாக இருந்தது.

முத்துப்பேச்சிக்கு அந்த ஆசை வரவில்லை. கடலோரத்தில் நாலு பாத்தி வைத்து உப்பு விளைவிப்பவள் அவள். பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்றினால்தான் உப்பு. இப்போதோ தண்ணீர் வெள்ளை வானத்தைப் பார்த்தபடி சும்மா கிடந்தது. ஒரு வருடம் போயிற்று, இரண்டாம் வருடமும் போயிற்று. நாட்டில் மிச்சமிருந்த உப்பைச் சேவகர்கள் அரண்மனைக்கு அள்ளிப் போனார்கள். முத்துப்பேச்சி ஒரே ஒரு கலயத்தை அடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்தாள்.

மூன்று வருடம் தொடர்ந்து விளையாத உப்பளம் அரசுக்குச் சொந்தம் என்பது அந்நாட்டுச் சட்டம். மூன்றாம் வருடம் பிறந்ததும் அவள் தலைநகருக்கு நடந்தாள். ஐப்பசி மழைக்கு முன் பத்து நாள் வெயிலைத் திறந்துவிட்டால் போதும், ஒரு தடவை உப்பு வாரி அளத்தைக் காப்பாற்றிக்கொள்வேன் என்று மனுக் கொடுத்தாள். பாத்தியில் நிற்பது இனி ‘திரவ உப்பு’ என்று அழைக்கப்படும், ஆகவே நாட்டில் தட்டுப்பாடே இல்லை என்று பதில் ஆணை வந்தது. ஆனால் அளத்தைப் பறிக்கும் சட்டத்துக்கு மட்டும் அது தண்ணீர்தானாம். என்ன நியாயமோ!

இரண்டாம் மனுவுக்கு, பலூனை நிறுத்தினால் இதுவரை தடுத்து வைத்த வெயில் மொத்தமும் ஒரே நாளில் தலையில் இறங்கும் என்றார்கள். அப்படியென்றால் என்றைக்குமே நிறுத்த முடியாதா என்று மூன்றாம் மனுவில் கேட்டாள். அந்த மனு நேரே பரணுக்குப் போயிற்று.

இதற்குள் வேறொன்று நடந்திருந்தது. உப்பில்லாச் சோறு தின்று தின்று மக்களுக்கு ரோஷம் விட்டுப்போயிருந்தது. ஏன், எதற்கு என்று கேட்கும் வழக்கமே நின்றது. மனுப்பெட்டியில் சிலந்தி வலை கட்டியது. தேர்தல் வந்தது. வெள்ளை வானம் வேண்டுமா என்றார்கள், மக்கள் தலையாட்டினார்கள். வேண்டாமா என்றார்கள், அதற்கும் தலையாட்டினார்கள். இரண்டையும் கூட்டி, மாமன்னர் இருமடங்கு வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள். வெயில் குறைந்ததைவிட இதுவல்லவா பெரிய லாபம் என்று அமைச்சர் மன்னரின் காதில் சொன்னார். மறுநாளே பலூன்கள் இரண்டாயிரமாயின.

புரட்டாசி முடியப் பத்து நாள் இருக்கையில், முத்துப்பேச்சி கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்காம் முறையாகப் புறப்பட்டாள். ஏழு நாள் நடை. அரண்மனை வாசலில் காவலன் கஞ்சிச் சட்டியைப் பார்த்தபடி அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கலயத்தின் அடியை வழித்து, அவன் கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டாள். ஒரு வாய் குடித்தவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து அவளைச் சபைக்கு அழைத்துப் போனான்.

அமைச்சருக்கு அவளைக் கண்டதும் பொறுமை போயிற்று, செந்தமிழும் கூடவே போயிற்று.

“எத்தனை தடவை விரட்டினாலும் வந்து வந்து நிக்கிறியே, நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?”

சபை சிரித்தது.

“போட்டுத்தான்யா திங்கேன்,” என்றாள் முத்துப்பேச்சி. “அரமனைக்கு வெளிய நான் ஒருத்திதான் போட்டுத் திங்கேன். அதனாலதான் வந்து நிக்கேன்.”

சிரிப்பு நின்றது. சிங்காசனத்தில் மன்னர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். உப்பு எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அமைச்சர் அதட்டினார். அவள் கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு கல்கூட விழவில்லை.

“ஏழு நாளு நடந்து வந்தேன். கஞ்சி ஊத்துன வீட்டுலயெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை போட்டுட்டு வந்தேன்யா.”

அமைச்சரின் முகம் வெளியே இருந்த வானத்தின் நிறத்துக்கு வந்தது. இவளைப் பிடித்துச் சிறையில் தள்ளு என்று காவலனுக்கு உத்தரவிட்டார்.

காவலன் அசையவில்லை. உதட்டை நாக்கால் ஒரு தடவை துடைத்துக்கொண்டான்.

“எதுக்குய்யா?” என்று கேட்டான்.